அடையாள அட்டையும் நியமனக் கடிதமும்: பத்திரிகையாளர் வேலை பற்றி ஓர் எளிய விளக்கம்

நாளிதழ் ஒன்றில் ஆட்குறைப்பு நடந்தது என்ற செய்தி பரவும்போதெல்லாம், பத்திரிகையாளர்களின் வேலையைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான மூன்று கருத்துகள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. "அவர்களுக்கு அரசாங்கமே சம்பளம் நிர்ணயிக்கிறது, பிறகு என்ன குறை?" என்பது முதலாவது. "வண்டியில் பிரஸ் என்று ஒட்டிக்கொண்டவரெல்லாம் பத்திரிகையாளர்தானே" என்பது இரண்டாவது. "எழுத்து ஒரு சேவை, அதில் போய்ச் சம்பளக் கணக்குப் பார்ப்பதா?" என்பது மூன்றாவது. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தின்போது நாடு முழுவதும் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்துப் பலரை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதே மூன்றும்தான் கேட்டன.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். பத்திரிகையாளர் என்பது ஒருவரின் தொழில் அடையாளம். நாளிதழில் வேலை பார்ப்பது அவருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையே உள்ள பணியுறவு. முதலாவது இருக்கும் எல்லோரிடமும் இரண்டாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை இந்திய நாளிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பணியுறவு எப்படி உருவாகிறது, அதில் சட்டம் எங்கே நிற்கிறது, அது எங்கே வலுவிழந்தது என்பதைப் புதியவர்களுக்கு விளக்க முயல்கிறது.

ஒரே கடை, மூன்று தையல்காரர்கள்

ஒரு தையற்கடையை எடுத்துக்கொள்வோம். காலை முதல் இரவு வரை இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மாதச் சம்பளம் பெறுகிறார். அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் ஒரு சட்டைக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி வாங்குகிறார். துணி வராத வாரத்தில் அவருக்கு வருமானம் இல்லை. மூன்றாமவர் கடைக்கே வருவதில்லை. தம் வீட்டில் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுத்தனுப்புகிறார், அதே வேலையை வேறு இரண்டு கடைகளுக்கும் செய்கிறார். ஊரார் கண்ணுக்கு மூவரும் தையல்காரர்கள். சட்டையைப் போட்டுக்கொள்பவருக்கு எந்தத் தையல் யாருடையது என்று தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் கடையை மூடுவதென்று உரிமையாளர் முடிவெடுக்கும் நாளில் மூவருக்கும் கிடைக்கக்கூடியது ஒன்றாக இருக்காது.

ஒரு நாளிதழின் ஒரே பக்கத்தில் இந்த மூவரும் இருக்கிறார்கள். மேலே உள்ள தலைமைச் செயலகச் செய்தியை நிரந்தரப் பணியிலிருக்கும் நிருபர் எழுதியிருப்பார். அதற்குத் தலைப்பிட்டுப் பக்கத்தில் அமர்த்தியவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் துணை ஆசிரியராக இருக்கலாம். கீழே ஒற்றைப் பத்தியில் வரும் ஊராட்சிச் செய்தியை அனுப்பியவர், அச்சான செய்திக்கு மட்டும் பணம் பெறும் பகுதி நேர நிருபராக இருக்கலாம். யார் யாருக்கு வேலை கொடுக்கிறார், எதற்காகப் பணம் தருகிறார், யாருடைய கட்டுப்பாட்டில் அந்த வேலை நடக்கிறது, எந்த நிபந்தனையில் அது முடிவுக்கு வரும் என்பவற்றின் தொகுப்பே பணியுறவு. வாசகர் கண்ணில் படாத அதுதான் சட்டத்தின் கண்ணில் முதலில் படுவது.

ஒரு பதிப்பின் நேரக் கணக்கு

நாளிதழ் வேலையின் அடிப்படை அலகு, பதிப்பை முடிக்கும் நேரம். அச்சகத்திலிருந்து தொலைவில் உள்ள ஊர்களுக்கான பக்கங்கள் இரவின் தொடக்கத்திலேயே முடிக்கப்படுகின்றன; நகரப் பதிப்பு நள்ளிரவையும் தாண்டிக் காத்திருக்கும். அதனால் ஒரே செய்தி ஒரே இரவில் இரண்டு மூன்று முறை மாற்றி எழுதப்படுவது சாதாரணம். தேர்தல் முடிவு நாள்களிலும் புயல் கரையைக் கடக்கும் இரவுகளிலும் இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும்.

இந்த வேலை இரண்டு பிரிவினரிடம் இருக்கிறது. வெளியில் சென்று செய்தி சேகரிப்பவர் நிருபர். அவருக்கு ஒதுக்கப்பட்ட களத்தைப் பத்திரிகை அலுவலகங்களில் 'பீட்' என்பார்கள். காவல்துறை, நீதிமன்றம், மாநகராட்சி, கல்வி என்று அது பிரிக்கப்பட்டிருக்கும். அலுவலகத்தில் இருந்தபடி அந்தச் செய்தியைச் சரிபார்த்து, சுருக்கி, தலைப்பிட்டு, பக்கத்தில் வைப்பவர்கள் 'டெஸ்க்' எனப்படும் ஆசிரியர் குழுவினர். வெளியுலகுக்கு நிருபரின் பெயர் தெரியும். டெஸ்க்கில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் வராது. முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஒரு முறைகூடப் பெயர் அச்சாகாமல் ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்கள் உண்டு.

சட்டம் இந்த நேரக் கணக்கைத்தான் முதலில் தொட்டது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்ச்சியான நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. உணவு இடைவேளை இதில் சேராது. சராசரியாக வாரத்துக்கு 36 மணி நேரம். தொழிற்சாலைகளுக்கான சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்திருந்த காலம் அது. ஒவ்வோர் ஏழு நாளிலும் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு கட்டாயம். 1957ஆம் ஆண்டு விதிகள் இன்னும் நுணுக்கமாகச் சென்று, பகல் பணிக்கு 6 மணி நேரம், இரவுப் பணிக்கு ஐந்தரை மணி நேரம் என்று வரம்பு வைத்தன.

இந்த எண்களைப் பார்த்து, "ஆறு மணி நேரம்தானா?" என்று வியப்பவர்கள் ஒரு விதிவிலக்கைக் கவனிப்பதில்லை. ஆசிரியர், நிருபர், செய்திப் புகைப்படக் கலைஞர் ஆகியோருக்கு இந்த ஷிஃப்ட் வரம்புகளை அதே விதிகள் அப்படியே பொருத்தவில்லை. மறியல் எப்போது முடியும், அமைச்சர் எப்போது வாய் திறப்பார் என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது என்பது இதற்கான நியாயம். நியாயம் சரிதான். ஆனால் நடைமுறையில் அந்த விலக்கே பல இடங்களில் விதியாகி, காலையில் நீதிமன்றத்துக்குப் போன நிருபர் இரவு பத்து மணிக்கும் தொலைபேசியில் இருப்பது இயல்பாகிவிட்டது. செய்தித் தளங்களும் காணொளிகளும் சேர்ந்த பிறகு, அச்சுக்கு ஒரு முறை, இணையத்துக்கு ஒரு முறை, கேமரா முன் ஒரு முறை என ஒரே செய்தி மும்மடங்கு வேலையாகியிருக்கிறது. மணி நேரத்தைக் கணக்கிடும் பழைய முறை மட்டும் அப்படியே நிற்கிறது.

யார் 'உழைக்கும் பத்திரிகையாளர்'?

சட்டம் பயன்படுத்தும் கலைச்சொல் 'உழைக்கும் பத்திரிகையாளர்'. இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டு, ஒன்று அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட செய்தித்தாள் நிறுவனங்களில், முழு நேரமாகவோ பகுதி நேரமாகவோ அந்த வேலைக்காகவே அமர்த்தப்பட்டவர் என்பது அதன் பொருள். ஆசிரியர், தலையங்கம் எழுதுபவர், செய்தி ஆசிரியர், துணை ஆசிரியர், கட்டுரையாளர், நிருபர், கேலிச்சித்திரக் கலைஞர், செய்திப் புகைப்படக் கலைஞர், பிழை திருத்துநர் ஆகியோர் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மேலாண்மை அல்லது நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். அச்சுப் பிரிவு, விநியோகம், கணக்கு போன்றவற்றில் இருக்கும் ஊழியர்களுக்கும் அதே 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி இடம் இருந்தது. அவர்கள் வேறு வகையினர்.

இந்த வரையறையில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று, 'முதன்மைத் தொழில்'. பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டோ காப்பீட்டு முகவராக இருந்துகொண்டோ மாலையில் செய்தி அனுப்புபவர் எவ்வளவு நல்ல செய்தியாளராக இருந்தாலும், இதழியல் அவருடைய முதன்மைத் தொழில் ஆகாது. அதே நேரத்தில், இதழியலையே நம்பிப் பகுதி நேரமாக இரண்டு நாளிதழ்களுக்கு வேலை பார்ப்பவர் வரையறைக்குள் வந்துவிடுகிறார். இரண்டாவது சொல், 'அமர்த்தப்பட்டவர்'. வாரம் ஒரு பத்தி எழுதிச் சன்மானம் பெறும் எழுத்தாளருக்கும் நாளிதழுக்கும் இருப்பது பணியுறவு ஆகாது.

மேலாண்மைப் பொறுப்பு பற்றிய விலக்கும் தகராறுக்கு இடம் தருவது. பதவிப் பெயரை மட்டும் உயர்த்தி, வேலையில் எந்த மாற்றமும் இல்லாமல், ஒருவரைச் சட்டத்தின் வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட முயல்வது எளிது. வழக்கு என்று வந்தால், அட்டையில் அச்சிட்ட பதவியைவிட அவர் அன்றாடம் செய்த வேலை என்ன என்பதே எடைபோடப்படும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சட்டம் ஒருவருடைய எழுத்துத் திறனையோ புகழையோ அளப்பதில்லை, அவர் எதை நம்பி வாழ்கிறார், யாரால் அமர்த்தப்பட்டார், உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பவற்றையே பார்க்கிறது.

அரசாங்கம் சம்பளம் தருகிறதா?

தருவதில்லை. தனியார் நாளிதழில் வேலை பார்ப்பவருக்கு ஒவ்வொரு ரூபாயையும் தருவது அந்த நிறுவனமே. அரசாங்கத்துக்கு இதில் இருந்த பங்கு, இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு போடுவது மட்டும்தான். அந்தக் கோட்டைப் பரிந்துரைத்த அமைப்புக்குப் பெயர் ஊதியக் குழு. பேருந்துக் கட்டணத்துக்கு அரசு வரம்பு வைப்பதால் தனியார் பேருந்துகள் அரசுப் பேருந்துகள் ஆகிவிடுவதில்லை. ஊதியக் குழு விஷயத்தில் மட்டும் நாம் ஏனோ அப்படி எண்ணிக்கொள்கிறோம்.

இது எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் காரணம் புரியும். விடுதலைக்குப் பின், நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட முதல் பத்திரிகை ஆணையம் நாட்டின் இதழியல் துறையை ஆராய்ந்து 1954இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான தனிச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் 1956இல் நீதிபதி திவாட்டியா தலைமையில் முதல் ஊதியக் குழு அமைந்தது. அதன் முடிவை எதிர்த்து நாளிதழ் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1958இல் வந்த தீர்ப்பு இன்றும் படிக்கத்தக்கது. பத்திரிகையாளர்களுக்கு எனத் தனிச் சட்டம் இருப்பது பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது என்று நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் காப்பாற்றியது. ஆனால் நிறுவனங்களின் கொடுக்கும் சக்தியைக் குழு கருத்தில் கொள்ளவில்லை என்று சொல்லி, அது நிர்ணயித்த ஊதியத்தை ரத்து செய்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் இயற்றி, ஊதியத்தை நிர்ணயிக்க வேறு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

'கொடுக்கும் சக்தி' என்ற அந்தச் சொல்லே பின்னால் வந்த எல்லா ஊதியக் குழுக்களின் அமைப்பையும் தீர்மானித்தது. நாளிதழ்களை அவற்றின் மொத்த வருவாயைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஏற்ப ஊதியம் வைப்பது வழக்கமாயிற்று. கடைசியாக வந்த மஜிதியா குழு, ஆண்டு வருவாய் 1,000 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களை முதல் வகுப்பிலும், ஒரு கோடிக்குக் கீழ் உள்ளவற்றை எட்டாம் வகுப்பிலும் வைத்தது. அதனால் ஒரே ஊரில், ஒரே நீதிமன்ற வராந்தாவில், ஒரே வழக்கைக் கேட்டு எழுதும் இரு நிருபர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே வேறுவேறாக இருந்தது. இதில் முறைகேடு எதுவும் இல்லை. அந்த முறையே அப்படித்தான்.

குழுவில் நிறுவனங்களின் பிரதிநிதிகள் மூவர், பத்திரிகையாளர்களின் பிரதிநிதிகள் மூவர், சார்பற்றவர்கள் நால்வர். நால்வரில் ஒருவர் நீதிபதியாகவோ ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ இருந்து தலைமை ஏற்றார். குழு பரிந்துரைத்தது, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது, அதன் பிறகு அது கட்டாயமாயிற்று. ஷிண்டே குழு (1967), தீர்ப்பாயமாக அமைந்த பாலேக்கர் (1980), பச்சாவத் (1989), மணிசானா (2000), மஜிதியா (2011) என்று ஒன்பது முதல் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இவை வந்தன. எந்த நிறுவனமும் இதைவிட அதிகமாகக் கொடுக்கத் தடை இருக்கவில்லை. குறைவாகக் கொடுக்க ஒப்பந்தம் போட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாததாக இருந்தது.

சுருக்கமாக: சம்பளம் நிறுவனத்தினுடையது, அடிக்கோடு மட்டும் சட்டத்தினுடையது, அந்தக் கோடும் நிறுவனத்தின் வருவாயைப் பொறுத்து ஏறியது, இறங்கியது.

ஒப்பந்தம் வந்த கதை

அடிக்கோடு சட்டப்படி இருந்தபோதும், அதன் மேல் நிற்பவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பதுதான் இந்த விஷயத்தின் நடுப்பகுதி. 1990களிலிருந்து நாளிதழ்கள், குறிப்பாகப் பெரிய ஆங்கில நாளிதழ்கள், புதிதாகச் சேர்பவர்களை நிரந்தரப் பணியில் எடுப்பதற்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கின. அப்போது பலருக்கு ஒப்பந்தச் சம்பளம் ஊதியக் குழுவின் சம்பளத்தைவிட அதிகமாகவே இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இளைஞர்கள் விரும்பியே கையெழுத்திட்டார்கள். விலைவாசிக் குறியீட்டோடு இணைந்த அகவிலைப்படியும் பதவி உயர்வுக்கான படிநிலையும் கைவிட்டுப் போனது உடனே தெரியவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, நிறுவனத்தின் வருவாய் சரிந்தபோது, புதுப்பிக்கப்படாத ஒப்பந்தம் என்பது ஆட்குறைப்பு என்ற பெயர் இல்லாத ஆட்குறைப்பு என்று தெரிந்தது. சங்கங்களும் இதற்குள் மெலிந்துவிட்டன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவர் சங்கக் கூட்டத்துக்கு வரத் தயங்குவது மனித இயல்பு.

மஜிதியா குழுவின் பரிந்துரைகளை அரசு 2011 நவம்பர் 11 அன்று அறிவித்தது. நிறுவனங்கள் மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றன. 2014 பிப்ரவரி 7 அன்று நீதிமன்றம் பரிந்துரைகளைச் செல்லும் என்று உறுதிசெய்து, அறிவிக்கை நாளிலிருந்தே ஊதியம் கணக்கிடப்பட வேண்டும், நிலுவையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் தர வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் தரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனுக்கள் குவிந்தன. 2017 ஜூன் 19 அன்று வந்த தீர்ப்பு இரண்டு முக்கியமான விளக்கங்களைத் தந்தது. ஒப்பந்த ஊழியர்களுக்கும் இந்த ஊதியம் பொருந்தும் என்பது ஒன்று. 'பழைய சம்பளமே போதும்' என்று ஊழியரிடம் எழுதி வாங்கிய கடிதத்தைக் காட்டி, நிர்ணயித்ததைவிடக் குறைவாகக் கொடுக்க முடியாது என்பது மற்றது. அந்தக் கடிதங்களில் பல அச்சிட்ட ஒரே வாசகத்தில், கீழே கையெழுத்து மட்டும் மாறி இருந்தன என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த இரகசியம்.

ஆனால் அதே தீர்ப்பு, நிறுவனங்கள் வேண்டுமென்றே அவமதிக்கவில்லை, பரிந்துரைகளைத் தவறாகப் புரிந்துகொண்டன என்று கருதி, ஊழியர்களைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்கு அனுப்பியது. நிலுவை கேட்பவர் மாநில அரசிடம் மனுச் செய்ய வேண்டும். தொகையில் தகராறு இருந்தால் அது தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். வெற்றியும் அதன் பலவீனமும் ஒரே தாளில் இருந்தன. தனி ஆளாகத் தம் நிறுவனத்தின் மேல் மனுப் போடுபவர், மறுநாள் அதே அலுவலகத்தில் அதே செய்தி ஆசிரியரின் எதிரில் உட்கார வேண்டும். தொலைதூரக் கிளைக்கு இடமாற்றம் என்ற ஆணை வந்தால் அதற்கும் மனுவுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிப்பது அவருடைய பாடு. ஆகவே, உரிமை கேட்டு வருபவர்களில் வேலையை விட்டவர்களும் ஓய்வுபெற்றவர்களும் முன்னால் நிற்பதில் வியப்பு இல்லை.

பகுதி நேர நிருபர்

மாவட்டப் பக்கங்களின் பெரும் பகுதியைத் தாங்குபவர் பகுதி நேர நிருபர். தாலுகா ஒன்றுக்கு ஒருவர் என்ற அளவில் இவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சிறு தொகையும், அச்சான செய்திகளின் அளவுக்கு ஏற்ற பணமும் பெறுவது பழைய வழக்கம். அச்சான வரிகளை எண்ணிப் பணம் தருவதை 'லைனேஜ்' என்பார்கள். இந்த முறையில் ஒரு கோணல் உண்டு. ஒரு கிராமத்துக்கு மூன்று முறை போய்வந்து எழுதிய செய்தி, இடமின்றி எட்டு வரியாகச் சுருங்கினால் வருமானமும் சுருங்கும். அனுப்பிய செய்தி வராமலே போனால் பெட்ரோல் செலவு அவருடையது. வாட்ஸப்பில் வந்த அறிக்கையை அப்படியே அனுப்பினால் வரிகள் நிறைய வரும்.

இன்னும் கசப்பான கோணல், விளம்பரம். சில நாளிதழ்கள் பகுதி நேர நிருபரிடமே விளம்பரம் பிடிக்கும் பொறுப்பையும் கொடுக்கின்றன. திருவிழா, பிறந்தநாள், ஆண்டுமலர் என்று வாழ்த்து விளம்பரங்களுக்காக அவர் போய் நிற்கும் அதே நபர்தான், மறுநாள் மணல் அள்ளுவது பற்றிய செய்தியில் பதில் சொல்ல வேண்டியவர். நிருபரின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது இந்த ஏற்பாட்டைப் பேசாமல் விடுவது நியாயம் ஆகாது. வருமானத்துக்கு உத்தரவாதம் தராத நிறுவனம், வருமானத்தை எங்கிருந்தாவது தேடிக்கொள்ளும்படி மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது.

சட்டப்படி பார்த்தால், இதழியலே அவருடைய முதன்மைத் தொழிலாக இருந்தால், பகுதி நேரம் என்பதாலேயே அவர் வெளியே தள்ளப்படுவதில்லை. தள்ளுவது வேறு: அவர் கையில் நியமனக் கடிதம் இருக்காது.

அட்டை எதற்கு உதவும்?

அட்டைகள் இரு வகை. நிறுவனம் தன் ஊழியருக்கோ நிருபருக்கோ தருவது அடையாள அட்டை. அரசு தருவது அங்கீகார அட்டை. தமிழ்நாட்டில் இதைச் செய்தி மக்கள் தொடர்புத் துறையும், மத்திய அளவில் பத்திரிகை தகவல் அலுவலகமும் வழங்குகின்றன. அரசு நிகழ்ச்சிகளுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் செய்தி சேகரிக்கச் செல்ல அங்கீகார அட்டை உதவும். சில சலுகைகளும் அதையொட்டிக் கிடைக்கலாம். அட்டை இருப்பதால் வேலை நிலைக்காது. அட்டை இல்லாததால் ஒருவர் பத்திரிகையாளர் இல்லாமல் போய்விடுவதும் இல்லை. டெஸ்க்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அங்கீகார அட்டையைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

பத்திரிகை நடத்துபவர் அதைப் பதிவு செய்துகொள்வதும் வேறு விஷயம். 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் புதிய பதிவுச் சட்டம், இதழின் தலைப்பையும் பதிவையும் பற்றியது. ஓர் இதழைப் பதிவு செய்துகொண்டு ஐம்பது பேருக்கு அட்டை அச்சிட்டுக் கொடுப்பவரைப் பற்றிய வசையை, சம்பளமில்லாமல் செய்தி அனுப்பும் தாலுகா நிருபரின் தலையில் கட்டுவது தவறு. இந்திய பத்திரிகை மன்றமும் சம்பள விவகாரங்களுக்கான இடம் அன்று. அது செய்தியின் ஒழுங்கு, பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய புகார்களைக் கேட்கிறது.

வேலை முடியும்போது

பணியுறவின் உண்மையான உருவம் அது முடியும்போதுதான் தெரிகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்குறைப்பு செய்யப்படும் ஆசிரியருக்கு ஆறு மாத முன்னறிவிப்பும், மற்ற பத்திரிகையாளர்களுக்கு மூன்று மாத முன்னறிவிப்பும் தர வேண்டும் என்றது. நீண்ட பணிக்கு நன்றியாக, பணியை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் தொகை பணிக்கொடை. பொதுவாகத் தொழிலாளர்களுக்கு ஐந்து ஆண்டுப் பணி இருந்தால் இது கிடைக்கும். பத்திரிகையாளர்களுக்கு மூன்று ஆண்டுகள் போதும் என்றது அச்சட்டம். ஆனால் தாமாக ராஜினாமா செய்பவருக்கு அதன்படி பத்து ஆண்டுப் பணி தேவைப்பட்டது.

இதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. என் பார்வையில் அச்சட்டத்தின் மிக அழகான வரி அதுதான். மனசாட்சியின் காரணமாக ராஜினாமா செய்யும் பத்திரிகையாளருக்குப் பத்து ஆண்டு தேவையில்லை, மூன்று ஆண்டுப் பணி இருந்தாலே பணிக்கொடை உண்டு என்றது அது. நாளிதழின் கொள்கை மாறிவிட்டது, எழுத மனம் ஒப்பாததை எழுதச் சொல்கிறார்கள் என்று ஒருவர் விலகினால், வெறுங்கையோடு போகக் கூடாது என்று நாடாளுமன்றம் நினைத்திருக்கிறது. 'சேவையில் சம்பளக் கணக்கா?' என்று கேட்பவர்களுக்கு இந்த வரியே பதில். பிழைப்புக்கு ஒரு பிடிமானம் இருந்தால்தான் மனசாட்சிப்படி விலக முடியும்.

புதிய சட்டத் தொகுப்புகள்

இதுவரை சொன்ன 1955ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது அவற்றுக்குள் கரைந்துவிட்டது. சில கூறுகள் தொடர்கின்றன. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரம் என்ற வரம்பும், பணிக்கொடைக்கு மூன்று ஆண்டு என்ற சலுகையும் புதிய தொகுப்புகளிலும் இருக்கின்றன. உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறை, தொலைக்காட்சி முதலான மின்னணு ஊடகத்துக்கும் இணைய ஊடகத்துக்கும் விரிந்திருக்கிறது. நீண்ட நாள் கோரிக்கை அது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் சட்டமாகியிருக்கிறது.

தொடராதது ஊதியக் குழு. பத்திரிகையாளர்களுக்கென ஊதியக் குழு அமைக்கும் ஏற்பாடு புதிய தொகுப்புகளில் இல்லை. குறைந்தபட்ச ஊதியம் என்ற பொதுவான அடிக்கோடு எல்லாத் தொழிலாளர்களுக்கும் போலவே அவர்களுக்கும் உண்டு. ஆனால் நாளிதழின் வருவாய்க்கு ஏற்பத் துணை ஆசிரியருக்கு ஒரு படிநிலை, நிருபருக்கு ஒரு படிநிலை என்று இருந்த பழைய ஏணி அது ஆகாது. வட்டம் பெரிதாகி, வட்டத்துக்குள் இருப்பது குறைந்திருக்கிறது என்று பத்திரிகையாளர் சங்கங்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. நிரந்தரம் என்று எழுதாமல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதற்கும் புதிய தொகுப்பு வெளிப்படையாக இடம் தருகிறது.

ஆகவே, இப்போது நாளிதழில் சேரும் ஒருவர் தம் நியமனக் கடிதத்தை வாங்கியதும் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்ப்பது நல்லது. தலைப்பில் இருப்பது நாளிதழை நடத்தும் நிறுவனத்தின் பெயரா, ஆள் எடுத்துக் கொடுக்கும் வேறு நிறுவனத்தின் பெயரா? பதவி இதழியல் பதவியாக எழுதப்பட்டிருக்கிறதா, 'ஆலோசகர்' என்றிருக்கிறதா? பிடித்தம், வைப்பு நிதிக்கா, தொழில்முறைக் கட்டணத்துக்கான வருமான வரிக்கா? பிந்தையது என்றால் அவரை ஊழியராகக் கருதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். கடிதமே கிடைக்காத பகுதி நேர நிருபர், அச்சான தம் செய்திகளின் நறுக்குகளையும், அலுவலகத்திலிருந்து வேலை சொல்லி வந்த குறுஞ்செய்திகளையும், வங்கிக் கணக்கில் ஏறிய தொகைகளின் பதிவையும் தேதி வாரியாகச் சேர்த்து வைக்கலாம். தொழிலாளர் நீதிமன்றத்தில் பணியுறவு இருந்ததா என்ற கேள்வி எழும்போது, எடுத்து வைக்க அவரிடம் இருக்கக்கூடியவை அவைதான்.